மஞ்சக்குப்பம் ஆயா முட்டைக் கடை: சாம்பியன் செட்ட விடுங்க, கேவுரு அடைய வாங்குங்க

ரெண்டு மாசமா ஃபோன் பண்றவன்லாம் இதையேதான் கேக்குறான். அந்த பாஸ்கட்பால் பையன் இன்டர்வியூல சொன்னானே ஒரு முட்டைக் கடை, அது எங்கப்பா இருக்கு, ஃபேமிலியோட போலாமா, டேஸ்ட் எப்படின்னு. ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதான் மொத்தமா எழுதிப் போட்டுடறேன். நான் பதினஞ்சு வருஷமா அந்தக் கடையில டீ குடிக்கிறவன், பையன் ஃபேமஸ் ஆனப்புறம் வந்து ஒரு செல்ஃபி எடுத்துட்டு அஞ்சு ஸ்டார் குத்திட்டுப் போன கோஷ்டி இல்ல. அதனால நல்லதும் வரும் கெட்டதும் வரும், ஆயாகிட்ட போய் போட்டுக் குடுத்துடாதீங்க.

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்துல இருந்து நடந்தே போயிடலாம். போர்டு கிடையாது, கடைக்குப் பேரும் கிடையாது, எல்லாரும் ஆயா கடைம்பாங்க இல்லன்னா முட்டைக் கடைம்பாங்க. பக்கத்துல ஒரு ஸ்கூல் காம்பவுண்டு, உள்ள ஒரு சிமெண்ட் கோர்ட்டு, சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல பந்து தட்டுற சத்தம் கேக்கும், அந்த சத்தத்தப் புடிச்சிட்டே போனா கடை வந்துரும். தகர ஷீட் கூரை, ரெண்டு பெஞ்ச், ஒரு கேஸ் அடுப்பு, ஒரு விறகு அடுப்பு. டீ போடறது ஆயாவோட மகன், அவர மாஸ்டர்னுதான் எல்லாரும் கூப்புடறோம், மீதி எல்லாம் ஆயா டிபார்ட்மெண்ட்.

சாப்பாட்டுக்கு வருவோம். இந்தக் கடையில ஒண்ணே ஒண்ணுதான் சாப்புடுவேன்னு அடம் புடிச்சா கேவுரு அடை, அதாவது கேழ்வரகு அடை. முருங்கக்கீரைய உருவி, வெங்காயம் பச்சமொளகா பொடியா நறுக்கிப் போட்டு, மாவ சுடுதண்ணியில பிசைஞ்சு, வாழ எல துண்டுல தட்டி கல்லுல கவுத்துப் போடுவாங்க. ஓரம் மொறுமொறுன்னு இருக்கும், நடுவுல மெத்துன்னு இருக்கும், கீர கருகி இருக்காது. ஒண்ணு இருவது ரூபா, ரெண்டு தின்னா நைட்டு சாப்பாடு தேவயில்ல. சாயங்காலம் நாலரைக்கு ஆரம்பிச்சு ஆறரைக்குள்ள மாவு தீந்துரும், தீந்துட்டா தீந்ததுதான், நீங்க கலெக்டரே ஆனாலும் கெடயாது. தொட்டுக்க கார சட்னி. என்னிக்காச்சும் அவங்க வீட்டுக்கு வச்ச கருவாட்டுக் கொழம்பு மிச்சம் இருந்தா தெரிஞ்ச மூஞ்சிக்கு மட்டும் ஒரு கரண்டி ஊத்துவாங்க, எனக்கு அந்த மரியாதை கெடைக்கவே நாலு வருஷம் ஆச்சு.

அவிச்ச மல்லாட்ட சீசன்ல மட்டும். வெளியூர்க்காரங்களுக்கு, மல்லாட்டன்னா வேர்க்கடல. எங்க மாவட்டத்துல அதுக்கு இதான் பேரு, கடையில போய் வேர்க்கடலன்னு கேட்டீங்கன்னா ஒரு மாதிரி பாப்பாங்க.

முட்டை பத்து ரூபா. வெந்த முட்டையில என்ன இருக்குன்னு நெனைப்பீங்க. நானும் அப்படித்தான் நெனைச்சேன். நெறைய கடையில காலையிலயே மொத்தமா அவிச்சு வச்சுடுவான், அதுவும் அளவுக்கு மேல வேகவிட்டுடுவான், உரிச்சுப் பாத்தா மஞ்சக்கருவ சுத்தி ஒரு பச்சை கலந்த சாம்பல் வளையம் இருக்கும், கந்தக வாடை வேற. ஆயா பத்து பத்தாதான் போடுவாங்க, டைம் பாக்க கடிகாரம் கிடையாது, ஆனா அந்த வளையத்த இங்க நான் பாத்ததே இல்ல. நூலால ரெண்டா அறுத்து, இடிச்ச மொளகும் உப்பும் தூவி பேப்பர்ல வச்சுக் குடுப்பாங்க.

டீ சுமார். சக்கரை கம்மின்னு ரெண்டு தடவை சொன்னாதான் ஒரு தடவை கம்மியாவும். காபி வேணவே வேணாம், அது காபிப்பொடிய தூரத்துல இருந்து காட்டின பாலு. மாஸ்டர் நல்ல மனுஷன், அதனால பதினஞ்சு வருஷமா யாரும் அவர் மூஞ்சிக்கு நேரா இத சொன்னதில்ல.

இப்ப முக்கியமான எச்சரிக்கை. பையன் பேரு வெளிய வந்ததும் மாஸ்டரோட மகன் ஒருத்தன், காலேஜ் படிக்கிறான், பிசினஸ் மூளை ஜாஸ்தி, "சாம்பியன் செட்"னு ஒண்ண ஆரம்பிச்சிருக்கான். ரெண்டு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு டீ, அறுவது ரூபா. தனித்தனியா வாங்கினா முட்டை இருவது, சுண்டல் பதினஞ்சு, டீ பன்னெண்டு, ஆக நாப்பத்தேழு. பதிமூணு ரூபா எதுக்குன்னு கேட்டேன், "பேருக்குண்ணே"ன்னு சிரிக்கிறான். அந்த சாம்பியன் இந்த செட்ட வாழ்க்கையில தின்னதில்ல, அவன் டீயே குடிக்க மாட்டான்.

அப்புறம் அந்தக் கம்பம். கூரைய தாங்கற மரக்கம்பத்துல பையன் ஒசரத்த வருஷா வருஷம் கோடு போட்டு வச்சிருக்கறதா ரீல்ஸ்ல பாத்திருப்பீங்க, எல்லாரும் அது பக்கத்துல நின்னு ஃபோட்டோ எடுக்குறாங்க. கோடு போட்டது உண்மை, போட்டது மாஸ்டர், சுண்ணாம்புல. ஆனா 2024 ஃபெஞ்சல் மழையில கம்பம் ஊறி அந்தக் கோடு எல்லாம் போயிடுச்சு. இப்ப இருக்கற மஞ்ச பெயிண்ட் கோடு பின்னாடி குத்துமதிப்பா போட்டது. ஆறாவது படிக்கும்போது அவன் அவ்ளோ ஒசரமே இல்ல, என் தோளுக்குத்தான் இருந்தான், எனக்குத் தெரியாதா.

பையன் பேர நான் எழுத மாட்டேன், எந்தக் குப்பம்னும் எழுத மாட்டேன். தெரியறவங்களுக்குத் தெரியும். அவங்கம்மா ஏற்கனவே வீட்டு வாசல்ல கேமராவ புடிச்சிட்டு நிக்கறவங்கள பாத்து நொந்து போயிருக்காங்க.

நான் அவன மொதல்ல பாத்தது 2016 ஜூன் 20, திங்கக்கிழமை. தேதி எப்படி ஞாபகம்னா அன்னிக்குத்தான் என்பிஏ, அதான் அமெரிக்காவோட பெரிய பாஸ்கட்பால் லீக்கு, அதோட ஃபைனல்ஸ் ஏழாவது கேம், அமெரிக்காவுல ஞாயிறு நைட்டு எட்டு மணி நமக்குக் காலையில அஞ்சரை. நான் பாண்டியில வேலை பாக்கறவன், எட்டு மணிக்கு மேலதான் பஸ் ஏறுவேன், அதனால பெஞ்சுல ஒக்காந்து ஃபோன்ல பாத்துட்டு இருந்தேன். ஏழுல நாலு ஜெயிச்சா கப்பு, க்ளீவ்லேண்டு டீமு மூணுக்கு ஒண்ணுன்னு தோத்துட்டு இருந்து மூணுக்கு மூணுன்னு இழுத்துட்டு வந்திருந்த சீரிஸ். எட்டு மணி வாக்குல ஒரு பொடியன், மூணாவது படிக்கிறவன், எவர்சில்வர் தூக்க எடுத்துட்டு வீட்டுக்கு டீ வாங்க வந்தான். வந்தவன் என் தோளுக்குப் பின்னாடி நின்னுட்டான். ஸ்கோர் 89-89, ரெண்டு நிமிஷம் கூட பாக்கி இல்ல, க்ளீவ்லேண்டு ஸ்டாரு லெப்ரான் ஜேம்ஸ் ஓடி வந்து, எதிர் டீமு இகுவடாலா ரிங்குகிட்ட போட்ட லே-அப்ப போர்டுல வச்சு அடிச்சான் பாருங்க, நான் கத்துன கத்துல பொடியன் தூக்க கீழ போட்டான். அப்புறம் அதே க்ளீவ்லேண்டு கைரி இர்விங் மூணு பாயிண்ட் ஷாட் போட்டான், 93-89ல முடிஞ்சுது, அந்த ஊருக்கு 52 வருஷம் கழிச்சு ஒரு கப்பு. பொடியன் கேட்டது ஒண்ணே ஒண்ணு, "அந்த அண்ணன் எப்புடி அங்க இருந்து இங்க வந்தாரு?" அவன் பாத்தது பந்த இல்ல, ஓட்டத்த. இத நான் அன்னிக்கு கவனிச்சேன்னு சொன்னா பொய், இப்ப யோசிச்சா தோணுது. அன்னிக்கு நான் கவனிச்சது கொட்டிப் போன டீக்கு நான்தான் காசு குடுக்கணும்னு மாஸ்டர் சொன்னத.

அதுக்கப்புறம் பையன் தெனமும் கோர்ட்டு ஓரத்துல வந்து ஒக்கார ஆரம்பிச்சான். பெரிய பசங்க வெளிய விட்ட பந்த எடுத்துப் போடற வேலை. ஆயா கடையில கேஸ் சிலிண்டருக்குப் பின்னாடி ஒரு சாக்குல ரெண்டு மூணு பழைய பந்தும் ஒரு காத்தடிக்கிற பம்பும் இருக்கும், இன்னிக்கும் இருக்கு, யாரு வேணா எடுத்துட்டுப் போய் ஆடிட்டு எட்டு மணிக்குள்ள திருப்பி வச்சுடணும், அதுக்கு வாடகை கெடயாது. எல்லாம் ஏழாம் நம்பர் பந்து, பெரிய ஆம்பளைங்க ஆடறது, அறநூறு கிராம் கிட்ட வரும். சின்னப் பசங்களுக்கு அஞ்சாம் நம்பர்னு தனியா ஒண்ணு இருக்குன்னு எங்களுக்கே அப்ப தெரியாது. ரிங் பத்தடி ஒசரம், சென்டிமீட்டர்ல 305. எட்டு வயசுப் பையன் ஏழாம் நம்பர் பந்த ரெண்டு கையாலயும் அடியில இருந்து தூக்கி எறிவான், ரிங்குல பட்டாலே ஊரே கை தட்டும்.

கடன் நோட்டு பத்தி சொல்லணும், ஏன்னா இன்டர்வியூல அவன் சொன்னது அரகொறையா எடிட் ஆகி ஆயா ஏதோ தெனமும் இலவசமா முட்டை குடுத்தாங்கன்னு வந்திருக்கு. ஆயாவுக்கு இதுல செம கோவம். இலவசம்லாம் இல்ல, கணக்கு. பள்ளிக்கூடத்துல சத்துணவோட வாரத்துல அஞ்சு நாள் முட்டை உண்டு, சனி ஞாயிறு கெடயாதே, அந்த ரெண்டு நாளைக்குத்தான் ஆயா கடை முட்டை, அதுவும் நோட்டுல எழுதி. பையனோட அப்பா மீன்புடி போட்டுக்குப் போறவரு. வருஷா வருஷம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, அந்த நேரம் பாத்து ஸ்கூலும் லீவு, சத்துணவும் இல்ல. அப்ப நோட்டுல பக்கம் பக்கமா ஏறும். ஜூன் கடைசியில அவங்கப்பா வந்து பாதி காசா குடுப்பாரு, பாதி மீனா குடுப்பாரு. அவனுக்கு மட்டும்னு நெனைக்காதீங்க, அந்த நோட்டுல நான் எண்ணிப் பாத்தப்ப பதினேழு பசங்க பேரு இருந்துச்சு. பதினாறு பேர பத்தி எவனும் ரீல்ஸ் போடல.

ஏழாவது எட்டாவது வந்தப்ப லாக்டவுன், ஸ்கூல் கேட்டு பூட்டு, காம்பவுண்டு ஏறி குதிச்சு ஆடி போலீஸ்கிட்ட திட்டு வாங்கினது தனிக் கதை. திருப்பித் தொறந்தப்ப பையன் வேற பையன். ஒசரம் ஏறிடுச்சு, சரி, ஒசரமான பசங்க நெறைய பேர பாத்திருக்கோம், ரிங்குக்குக் கீழ மரம் மாதிரி நிப்பான். இவன் பந்த தட்டிக்கிட்டே ஓடி வந்தான், எடது கையில. ஒரு நாள் சாயங்காலம் காலேஜ் பசங்க கூட அஞ்சுக்கு அஞ்சு ஆட்டம், இவன் எடது பக்கம் ஓடறான், ரெண்டு பேரு அவன் பின்னாடியே வரான், பையன் அந்தப் பக்கமே பாத்துட்டு பந்த வலது பக்கம் பின்னாடி தட்டி விட்டான், அங்க ஒரு குள்ளப் பையன் தனியா நின்னுட்டு இருந்தான், அவனுக்கே ஆச்சரியம், சும்மா எடுத்துப் போட்டான். நான் கையில டீ கிளாஸோட அப்படியே நின்னேன். பக்கத்துல இருந்த ரிட்டயர்டு பி.டி. சார் ஒருத்தரு, யாரையும் ஈசியா பாராட்ட மாட்டாரு, "இவன ஊர்ல வச்சுக்காதீங்கப்பா, அனுப்பி விடுங்க"ன்னாரு.

அனுப்பறதுன்னா ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல். செலக்‌ஷன் மே மாசம், அதாவது தடைக்காலத்துக்கு நட்ட நடுவுல, வீட்டுல பைசா இருக்காது. ஷூ இல்ல. என்னோட பழைய ஒம்பதாம் சைஸ் ஷூவ குடுத்தேன், அப்ப அவனுக்குப் பெருசு, முன்னாடி பேப்பர் அடைச்சுப் போட்டுட்டுப் போனான். பஸ் காசு பெஞ்சுல இருந்தவங்க போட்டோம். 2022ல ஒம்பதாவதுக்கு ஹாஸ்டல்ல எடம் கெடைச்சுது. இப்ப அவனுக்குப் பன்னெண்டாம் சைஸ், கடலூர்ல கெடைக்கல, பாண்டி நேரு வீதி பூரா அலைஞ்சும் கெடைக்கல, ஆன்லைன்ல போட வேண்டியதா போச்சு. அந்த ஒம்பதாம் சைஸ் ஷூ இப்ப மியூசியத்துல இருக்க வேண்டியது, அவன் தம்பி அதப் போட்டு ஆடி சோல் பிரிஞ்சு தூக்கிப் போட்டாச்சு.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். ஸ்டேட் டீம், இந்தியா கேம்ப்பு, அந்த ஒத்தக் கை டங்க் வீடியோ. ஊர்ல மூணு எடத்துல ஃப்ளெக்ஸு, மண்ணின் மைந்தன்னு போட்டு அவன் மூஞ்சி சின்னதாவும் வாழ்த்தறவங்க மூஞ்சி பெருசாவும்.

நான் லெப்ரான் கதைய நெனைச்சுக்குவேன். அவன் ஊரு ஆக்ரன், ஒஹாயோ மாநிலத்துல டயர் கம்பெனிங்க ஊரு, குட்இயர் அங்கதான் ஆரம்பிச்சுது. ஸ்கூல் படிக்கும்போதே கூட்டம் தாங்காம ஸ்கூல் மேட்ச்ச யூனிவர்சிட்டி அரங்கத்துக்கு மாத்தினாங்க, 2002ல பதினேழு வயசுல பெரிய பத்திரிகை அட்டையில வந்தான், 2003ல என்பிஏ டீமுங்க புது ஆளுங்கள எடுக்கற டிராஃப்ட்ல அவன மொதல் ஆளா எடுத்தது பக்கத்துல இருக்கற க்ளீவ்லேண்டு டீமு. 2010ல மயாமிக்குப் போறேன்னு டிவியில சொன்னப்ப சொந்த ஊர்க்காரங்களே ஜெர்சிய கொளுத்தினாங்க. அதே ஆளு 2014ல திரும்பி வந்து, நான் சொன்ன அந்த 2016 கப்ப அடிச்சான். ஊர்க்காரனுக்கு வர்ற வலி என்னன்னு எனக்கு இப்பதான் புரியுது. போன மாசம் மேட்ச் லைவ்ல கமெண்ட்ரி சொல்றவரு "சென்னையைச் சேர்ந்த இளம் வீரர்"ன்னாரு. கடையில மொத்த பேரும் டிவிய பாத்து திட்டினோம். நான் ஜெர்சி கொளுத்தற ஆள் இல்ல, ஆனா ஒரு டீ கிளாஸ பெஞ்சுல கொஞ்சம் வேகமா வச்சேன்.

அந்த மேட்ச் அன்னிக்கு கடை எப்படி இருந்துச்சுன்னா, மாஸ்டர் தவணையில வாங்கின டிவி, ஃபோன்ல இருந்து யூடியூப் லைவ், ரோடு வரைக்கும் கூட்டம். நெட்டு நின்னு நின்னு வந்துச்சு, சிமெண்ட் கோர்ட்டு பசங்க ஆட்டத்த விட்டுட்டு காம்பவுண்டு மேல ஏறி ஒக்காந்துட்டானுங்க. கடைசியில பையனுக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ. ஆயா டிவிக்கு முதுகு காட்டி ஒக்காந்து முட்டை உரிச்சிட்டே இருந்தாங்க. மொதல் த்ரோ போகல, கூட்டம் உஸ்ஸுன்னுச்சு. ஆயா திரும்பல, "சாப்ட்டானான்னு கேளுங்கடா"ன்னாங்க. ரெண்டாவது போச்சு. ஜெயிச்சாச்சு. அன்னிக்கு முட்டை எல்லாருக்கும் ஃப்ரீன்னு மாஸ்டர் கத்துனாரு, ஆயா அவர ஒரு மொறை மொறைச்சாங்க, அப்புறம் டீ மட்டும் ஃப்ரீ ஆச்சு.

இப்ப கடைக்கு வர்ற புதுக் கூட்டம் பூரா ஒரே பேச்சு, என்பிஏ போவானா. நானும் ஆசப்படறேன், யாருக்கு ஆசை இல்ல. ஆனா இந்தியாவுல பொறந்து என்பிஏ டிராஃப்ட்ல எடுத்த மொதல் ஆளு பஞ்சாப் சத்னாம் சிங், 2015ல, டல்லாஸ் டீமு, 52ஆவது எடத்துல, ஏழடிக்கு மேல ஒசரம், அவருக்கே அங்க லீக் மேட்ச் ஒண்ணுகூட ஆட வாய்ப்பு வரல. நம்ம பசங்களுக்கு உண்மையான வழி வேற. சென்னையில ஐஓபி மாதிரி பேங்க் டீமு, ரயில்வே, ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ஒரு வேலை, வீட்டுக்கு மாசம் பொறந்தா சம்பளம். அவங்கம்மாவும் அததான் கேக்குறாங்க, தடைக்காலம் இல்லாத ஒரு சம்பளம். பெஞ்சுல ஒக்காந்துட்டு பதினேழு வயசுப் பையன அமெரிக்காவுக்கு அனுப்பறவங்க கொஞ்சம் மெதுவா பேசுங்க, கோர்ட்டுல இருந்து பத்து வயசுப் பசங்க கேட்டுட்டு இருக்கானுங்க.

போன வாரம் ஒரு நாள் லீவுல ஊருக்கு வந்திருந்தான். மாஸ்க் போட்டுட்டு வந்தான், ஆறடி நாலு அங்குலத்த மாஸ்க் என்னத்த மறைக்கும். உள்ள வரும்போது தகரத்துல நெத்திய இடிச்சுக்கிட்டான், வழக்கம் போல. பழைய கணக்கு எவ்ளோன்னு கேட்டு பணத்த எடுத்தான். ஆயா நோட்ட எடுத்து, கண்ணாடிய போட்டு, கூட்டிப் பாத்து, ஆயிரத்தி நூத்தி முப்பதுன்னாங்க. அவன் ரெண்டாயிரமா குடுத்தான். எண்ணூத்தி எழுவத எண்ணி கையில வச்சுட்டு, ரெண்டு முட்டைய உரிச்சு நீட்டினாங்க. அவன் சாப்ட்டதும் இருவது ரூபாய வாங்கிக்கிட்டாங்க.

நான் நாலு ஸ்டார் குடுக்குறேன். அரை ஸ்டார் காபிக்கு, அரை ஸ்டார் அந்த பதிமூணு ரூபாய்க்கு கொறைச்சிருக்கேன். காலையில நாலரைல இருந்து பதினொண்ணு, சாயங்காலம் நாலுல இருந்து எட்டு. கார்ல வராதீங்க, சந்து குறுகல், திருப்ப முடியாது. ஜிபே ஸ்கேனர் இருக்கு ஆனா அது மாஸ்டர் மகன் அக்கவுண்டு, ஆயாகிட்ட சில்லறையா குடுங்க. ஆறு மணிக்கு மேல அந்த கோர்ட்டு பக்கத்து பெஞ்ச மட்டும் விட்டுடுங்க, பசங்க ஆடிட்டு வந்து ஒக்காருவானுங்க, வேர்வையா இருப்பானுங்க, நகர மாட்டானுங்க. அதுல ஒருத்தி இருக்கா, ஏழாவது, ரெட்டைப் பின்னல், ரெண்டு கையாலயும் பந்த தட்டிக்கிட்டே ஓடறா. இன்னும் யாரும் அவளுக்குக் கோடு போடல, கம்பத்துல எடம் இருக்கு.